சத்தமில்லாத கேமரா

என் மனைவியின் தொழில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பது. வீட்டில் அவள் அதற்கு நேர்மாறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து சண்டை பிடிக்கக் கூடாது.

சங்கீதக்காரர்களைப் படம் பிடிப்பது அவள் வேலை. ஒத்திகையிலும் பிடிப்பாள், மேடையிலும் பிடிப்பாள். எங்கள் ஊரில் ஏதாவது ஒரு சுவரொட்டியில் ஒரு பாடகர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இவள் எடுத்த படமாகத்தான் இருக்கும். மூலையில் பொடி எழுத்தில் பெயர் போட்டிருப்பார்கள். பசை தடவுகிறவர் அந்த மூலையில்தான் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். அரங்கத்தில் அவளுக்குப் பெயர் படக்காரம்மா. எனக்குப் பெயர் படக்காரம்மா வீட்டுக்காரர்.

நான் ஓர் அச்சகத்தில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறு வாரமே அவளுடைய கேமரா பை என் தோளுக்கு வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போய், அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவேன். சங்கீதம் எனக்குப் பிடிக்காது என்றில்லை, புரியாது. அச்சு இயந்திரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டுத் தூங்கிப் பழகிய உடம்பு இது. எவ்வளவு சத்தம் இருந்தாலும் தூங்குவேன். ஓட்டம் மாறினால் மட்டும் டக்கென்று விழிப்பு வந்துவிடும். காகிதம் சிக்கியதா, உருளை பிசகியதா என்று கண்ணைத் திறப்பதற்குள் கை சுவிட்சுக்குப் போய்விடும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தக் கதைக்கு அது ஒன்றுதான் என் பங்கு.

அவளுக்கு உடம்பு முழுக்க வலி. பெரிய கேமராவைத் தூக்கித் தூக்கி வலது முழங்கை போயிற்று. மேடை ஓரத்தில் குந்திக் குந்தி முழங்கால் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மின்விசிறியிடம் பேசுவதுபோலச் சொல்வாள்.

“போதும்ங்க. இந்த வருஷத்தோட விட்டுடறேன்.”

“சரி, விட்டுடு.”

“விட்டுட்டு என்ன பண்றது?”

“என்னைப் போலத் தூங்கு.”

“ஒரு வீட்டுக்கு ஒருத்தர் தூங்கினா போதும்.”

எல்லா வருஷமும் இதே பேச்சு. நானும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வேன்.

இவளுடைய வேலையில் ஒரு வித்தை இருப்பதாக ஊரே சொல்லும். பழைய கேமராக்களில் படம் விழும்போது ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கல்யாண மண்டபத்தில் அது யார் காதிலும் விழாது. ஒரு பாடகி குரலை நூலாக இழைத்துக்கொண்டிருக்கும் அறையில் அது கதவை உடைப்பதுபோல இருக்கும். இவள் இந்த வேலைக்கு வந்த புதிதில், பெரிய பாடகி ஒருவரின் ஒத்திகைக்குப் போனாள். மெதுவான இடத்தில் ‘சடக்’ என்று ஒரு படம் எடுத்தாள். பாட்டு நின்றது. பாடகியம்மா கண்ணைத் திறந்தார்.

“யாரோ யாருக்கோ சுளுக்கு எடுக்கிறாங்க போல. இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டா நான் எழுந்து போயிடுவேன்.”

இவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டியவள், பிடிவாதக்காரி, வீட்டுக்கு வந்து தாளம் கற்றுக்கொண்டாள். கொலுசைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலால் தரையில் எண்ணிக்கொண்டே இருப்பாள். மிருதங்கத்தில் அடி விழப்போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் கேமராவைத் தூக்குவாள். அடி விழும்போது அமுக்குவாள். அந்த ‘சடக்’ அடியின் கீழே அமுங்கிப்போய்விடும். அதன்பிறகு ஒரு சங்கீதக்காரர்கூட அவளைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. தாளம் தெரிந்த கேமரா என்று ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள். அந்தத் துண்டை எங்கள் அலமாரிக் கண்ணாடிக்குள் செருகி வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் டீ ஆறுவதற்குள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அவளுக்கு வேறு எந்தப் பெருமையும் கிடையாது. இது ஒன்றுதான்.

இனி மிருதங்கக்காரர். அவருக்கு அரங்கத்தில் வைத்த பெயர் ‘இடி’. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் தாராளமாகச் சொல்வார்கள். மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தொப்பி என்பார்கள். அதில் உள்ளங்கையால் அடித்தால் ‘தொம்’ என்று அடிவயிற்றில் கேட்கும். இவர் வாசிக்கும்போது அந்தத் தொம் அவ்வப்போது தேவைக்கு மேலே கனமாக விழும். மனிதர் தங்கமானவர், கைதான் கனம் என்று ஆளாளுக்குப் பேசி, ஒவ்வொருவராக அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். வேறு இடங்களில் ஒழுங்காக வாசிப்பார், இந்த அரங்கத்துக்கு வந்தால்தான் கை முரடாகிவிடுகிறது என்றும் ஒரு பேச்சு இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் கச்சேரி என்றால் இந்த அரங்கம்தான். இங்கே பெயர் கெட்டால் எங்கும் கெட்டதுதான். கடைசியில் அவருக்கு நிரந்தரமாக மிச்சமிருந்தது அந்தப் பாடகியம்மாவின் மேடை மட்டும். பல வருஷமாக இருவரும் ஒன்றாக மேடையேறியவர்கள். அந்த அம்மாவின் குரல் அப்போது இடிக்கும் மேலே ஏறி நின்றது.

அவர் என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒத்திகைக்கு முன்பு மிருதங்கத்தை மடியில் வைத்துத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வருகிறாளா என்று பார்ப்பார். மேடையின் மறு ஓரத்தில், வயலின்காரருக்குப் பின்னால், அவருக்கு நேர் எதிரே அவளுடைய நாற்காலி இருக்கும். அதன் ஆடுகிற காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பவர் அவர்தான்.

“முழங்கை எப்படிம்மா இருக்கு?”

“அது இருக்குண்ணே. நான்தான் இல்ல. உங்க மணிக்கட்டு?”

“அதுவும் அப்படித்தான்.”

இவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. ஒருவருக்கொருவர் வீட்டுக்குப் போனதில்லை. எதிரெதிரே உட்கார்ந்தே தலை நரைத்தவர்கள்.

போன வருஷம், வேறு ஊரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு புதுக் கேமரா அனுப்பினாள். பழையதில் பாதி கனம்கூட இல்லை. அதைவிட முக்கியம், அதற்குச் சத்தமே கிடையாது. அமுக்கினால் அமுக்கியதே தெரியாது. இவள் முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்து என்னையே நூறு படம் எடுத்தாள், எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

“இதைப் பத்தி அரங்கத்துல யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க,” என்றாள்.

“ஏன்?”

“இத்தனை நாளா தாளம் பார்த்து அமுக்கறேன்னு பேர் வாங்கினவ. இப்ப மெஷினே பார்த்துக்குதுன்னு சொல்றதுக்கு என்னவோ மாதிரி இருக்கு.”

சரி, அவளுடைய பெருமை, அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். கால் கட்டைவிரலால் எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். அடி விழுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடகியம்மாவின் முகம் எங்கே கனிகிறதோ அங்கே தூக்கினாள், எடுத்தாள். பாட்டின் மிக மெல்லிய இடங்களில்கூட எடுத்தாள். இத்தனை காலம் கிடைக்காத முகமெல்லாம் இப்போது கிடைக்கிறது என்று வீட்டில் அத்தனை களைப்பிலும் சந்தோஷப்பட்டாள்.

அந்த நேரத்தில்தான் மிருதங்கக்காரரின் கை முற்றிலும் கெட்டது. முன்பெல்லாம் அடி கனமாக இருந்தாலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இப்போது இடமே தவறிற்று. பாட்டு மெல்லக் கீழே இறங்கி, மூச்சு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் ஒரு தொம். பாடகியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார். அந்த அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. பழைய குரல் இல்லை. இருக்கிற குரலை வைத்துக்கொண்டு மெதுவாக, நுணுக்கமாகப் பாடத் தொடங்கியிருந்தார். அந்தக் குரலால் இடியை எல்லாம் தாங்க முடியாது.

பெரிய கச்சேரி ஒன்று வந்தது. நீண்ட நாளைக்குப் பிறகு அரங்கத்தின் பெரிய கூடத்தில் அந்த அம்மா பாடப்போகிறார். ஒரு மெதுவான பாட்டைத்தான் நடுநாயகமாக வைத்திருந்தார். அதற்கான ஒத்திகை முடிந்த ஒரு மத்தியானம், நான் பையை எடுத்துக்கொண்டு இவளைத் தேடி ஒப்பனை அறைப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அரங்கத்தின் காரியதரிசியிடம் அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“எனக்கும் மனசு கேக்கலை. கூடவே வந்தவர். ஆனா என்னால முடியலை. அடுத்த ஒத்திகையிலயும் இப்படின்னா வேற ஒருத்தரைச் சொல்லி வெச்சுடுங்க. அவருக்கு நான் ஏதாவது சொல்லிக்கறேன்.”

“அவருக்கு வேற மேடை இல்லையேம்மா,” என்றார் காரியதரிசி.

“தெரியும். அதனாலதான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.”

வீட்டுக்கு வந்தவள் அன்றைக்குத் தரையில் படுக்கவில்லை. சமையலறை மேசையில் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டு, ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணனுக்குக் கை போயிடுச்சுங்க. இந்த மேடையும் போச்சுன்னா அந்த மனுஷன் வீட்ல உட்கார்ந்து என்ன பண்ணுவார்?”

எனக்குக் கொஞ்ச நாளாகவே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

“நான் ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காதே. அந்த தொம் சத்தத்துலதான் நான் முழிக்கிறேன்.”

“நீங்க முழிச்சதே பெரிய விஷயம்.”

“கேளு. ஒவ்வொரு தடவை முழிக்கும்போதும் உன்னைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேமரா உன் கண்ணுகிட்ட இருக்கு. நீ தூக்கினா அவர் அடிக்கிறார்.”

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. “தூங்கறவருக்குத் தாளம் தெரியுமா? அவர் அடிக்கும்போது நான் எடுக்கறேன். இதைத்தானே காலம் பூராவும் சொல்லிட்டிருக்கேன்?”

“இப்பத்தான் நீ அடிக்காகக் காத்திருக்கறதே இல்லையே.”

அவள் டீயைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை வெகுநேரம் கழுவினாள்.

அடுத்த ஒத்திகையில் நான் தூங்கவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் விளக்கு பாதிதான் போட்டிருந்தார்கள். காரியதரிசி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பாடகியம்மா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். வயலின்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வாசித்தார். மிருதங்கம் எவ்வளவு இதமாகப் போயிற்று என்றால், எனக்கே கேட்க ஆசையாக இருந்தது. இவள் கேமராவை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

பாட்டு அந்த மெல்லிய இடத்துக்கு வந்தது. இவள் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துத் தள்ளி நீட்டி வைத்திருந்தாள், நான் நன்றாகப் பார்த்தேன்.

தொம்.

பாடகியம்மாவின் புருவம் சுருங்கிற்று. இவள் கேமராவை இறக்கினாள். மிருதங்கம் மறுபடி இதமாயிற்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கினாள்.

தொம்.

மூன்றாவது தடவை பாதி தூக்கி நிறுத்திக்கொண்டாள். அவருடைய இடது கையும் பாதி உயர்ந்து நின்றது. அவள் இறக்கினாள், அந்தக் கையும் இறங்கிற்று.

பாட்டு நின்றுவிட்டது. பாடகியம்மா மெதுவாகத்தான் கேட்டார், “என்ன ஆச்சு உங்களுக்கு? ஒரு பாட்டு முழுசா விட மாட்டீங்களா?”

“மன்னிச்சுக்கோங்கம்மா. கை தவறிடுச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். எதிரே இருந்தவளைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. பாடகியம்மா எழுந்து உள்ளே போனார். காரியதரிசி கைபேசியைத் தடவிக்கொண்டே வெளியே நடந்தார்.

என் மனைவி எழுந்து மேடைக்குக் குறுக்கே போய் மிருதங்கக்காரர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்தாளோ. நானும் கிட்டே போனேன்.

“அண்ணே, நான் தூக்கினா ஏன் அடிக்கிறீங்க?”

அவர் மிருதங்கத்து வாரை நிமிண்டிக்கொண்டிருந்தார். “முதல் நாள் அந்தம்மா உன்னைத் திட்டினாங்களே. நீ அழுகையை அடக்கிட்டு உட்கார்ந்திருந்தே. எனக்கும் அப்ப அந்த மேடை புதுசு. பாவமா இருந்துச்சு. மறுநாள் நீ கேமராவைத் தூக்கினப்ப, சரி, இந்தச் சத்தத்தை நாம மூடிடுவோம்னு ஒரு அடி போட்டேன். அப்படியே பழகிடுச்சு.”

“நான்தான் தாளம் கத்துக்கிட்டேனேண்ணே. அடி விழும்போதுதானே அமுக்கினேன்?”

அவர் சிரித்தார். சங்கடப்பட்டுச் சிரித்தார். “கத்துக்கிட்டே, இல்லேன்னு சொல்லலை. ஆனா கொஞ்சம் பிந்துவே, தங்கச்சி. எப்பவும் ஒரு மயிரிழை பிந்துவே. நான் அடியைக் கொஞ்சம் கனமாப் போட்டு, அந்த இடத்தையும் சேர்த்து மூடிக்குவேன்.”

அலமாரிக் கண்ணாடிக்குள் இருக்கும் அந்தப் பத்திரிகைத் துண்டு என் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். அவளுடைய ஒரே பெருமை அது.

“உங்களை எல்லாரும் கை கனம்னு சொன்னாங்களே,” என்றாள்.

“சொன்னாங்க. சொல்லட்டும்னு விட்டேன். ஆனா இப்பக் கொஞ்ச நாளா எனக்கே பயமா இருக்கும்மா.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீ அமுக்கற சத்தம் எனக்குக் கேக்கலை. நீ தூக்கறே, விரல் அமுக்குது, தெரியுது. சத்தம் மட்டும் இல்ல. எங்கே மூடறதுன்னே புரியாம குத்துமதிப்பா அடிக்கிறேன். என் காது போயிடுச்சு. வீட்ல யார்கிட்டயும் சொல்லலை. காது போன மிருதங்கக்காரனை யாரு வெச்சுக்குவா?”

இவள் கேமராவை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அமுக்கினாள். அவர் முகம் வெளிறிற்று.

“கேக்கலை,” என்றார்.

“எனக்கும் கேக்கலைண்ணே. இவருக்கும் கேக்கலை. யாருக்கும் கேக்காது. இது புதுக் கேமரா. இதுக்குச் சத்தமே கிடையாது.”

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், மேடைத் தரைதான் படமாக விழுந்திருக்கும். பிறகு விரலைக் காதோரத்தில் வைத்துச் சொடுக்கினார். மறு காதிலும் சொடுக்கினார்.

“அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?”

“நல்லாத்தான் இருக்குண்ணே.”

அவர் தோள்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இவள் அழுதாள். நானும் என்னத்தைச் சொல்ல, வயதான காலத்தில் மேடையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் இத்தனை மாசம் தூக்கம் கெட்டிருக்க மாட்டார். அவளிடம் அதைச் சொல்லிக்காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவள் நேரே ஒப்பனை அறைக்குப் போனாள். பாடகியம்மா வெந்நீர்க் குடுவையைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். இவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் தாளம் பிந்தும் என்பதையும் விடாமல் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அந்த அம்மா குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என் வீட்டுச் சுவர்ல ஒரு படம் இருக்கு, நீ எடுத்தது. கண்ணை மூடிட்டு, கையை லேசாத் தூக்கிட்டு. என் முகம் அவ்வளவு அமைதியா இருந்து நானே பார்த்ததில்லை. அப்பவும் அடிச்சிருப்பாரா?”

“அடிச்சிருப்பார்ம்மா.”

“அன்னைக்கு ராத்திரி அவரை நான் திட்டினேன்.” அவர் வெந்நீரை ஒரு வாய் குடித்தார். “சரி. நடந்தது நடந்துபோச்சு. எனக்கு இப்பக் குரல் இல்லை, அது உனக்கே தெரியும். அந்தப் பாட்டு நடுவுல ஒரு அடி விழுந்தாலும் நான் விழுந்துடுவேன். அவரால நிறுத்த முடியுமா, அதைச் சொல்லு.”

மறுபடி மேடைக்கு வந்தார்கள். மிருதங்கக்காரர் நிறுத்திவிடுவதாகத்தான் சொன்னார், மனசாரத்தான் சொன்னார். கேமராவுக்குச் சத்தம் இல்லை என்பது இப்போது அவருக்கே தெரியும். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. இவள் தூக்கினாள்.

தொம்.

அவர் தன் இடது கையைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. வீட்டில் வளர்த்த நாய் விருந்தாளியைக் கடித்துவிட்டதுபோலப் பார்த்தார்.

“கை கேக்க மாட்டேங்குது தங்கச்சி,” என்றார். “நீ தூக்கினா அது தானா போயிடுது.”

காரியதரிசி மறுபடி கைபேசியை வெளியே எடுத்தார். பாடகியம்மா தலையைக் குனிந்துகொண்டார், அவர் வாயில் என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்னால் என் மனைவி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பையைக் கொடுத்தேன். கேமராவை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தப் பெரிய கூடத்தில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

“நான் தூக்கலை,” என்றாள். “நீங்க பாடுங்கம்மா.”

“படம் வேணுமே படக்காரம்மா,” என்றார் காரியதரிசி. “இவ்வளவு பெரிய கச்சேரி. பத்திரிகை அட்டைக்கு, அடுத்த சுவரொட்டிக்கு...”

“வேற யாரையாவது வரச் சொல்லுங்க. வேற யார் தூக்கினாலும் அண்ணன் கை போகாது.”

அவர்கள் பாட்டை முதலிலிருந்து எடுத்தார்கள். ஒரு பிசகு இல்லாமல் கடைசிவரை போயிற்று. காரியதரிசி கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கச்சேரி நாளன்று பை இல்லாமல் போனோம். தோள் லேசாக இருந்ததே எனக்கு என்னவோ போலிருந்தது. அரங்கத்து வாசலில் அவளைப் பார்த்தவர்களெல்லாம் அவள் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு புதுப் படக்காரர் முன்வரிசைக்குப் பக்கத்தில் முக்காலியில் கேமராவை மாட்டி வைத்து நின்றார். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எத்தனையோ வருஷமாக விட்டுவிடுகிறேன், விட்டுவிடுகிறேன் என்று புலம்பியவள் இவள். விட்டதும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் கைகள் மடியில் கிடந்த விதத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன். அவள் விட்டுவைத்தாள்.

“தூங்கிடாதீங்க,” என்றாள்.

“தூங்கலை.”

மிருதங்கக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டே மேடையின் மறு ஓரத்தைப் பார்த்தார். அந்த நாற்காலியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அட்டை மட்டும் தரையில் கிடந்தது.

அந்த மெதுவான பாட்டு வந்தது. பாடகியம்மாவின் குரல் மெலிந்து மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குப் போயிற்று. கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் முகம் அப்படிக் கனிந்ததை நான் ஒரு படத்திலும் பார்த்ததில்லை. முக்காலிக்காரர் அப்போது கேமராவில் எதையோ திருகிக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரர் தலையைத் தூக்கினார். அவருடைய கண் அந்தக் காலி இடத்துக்குப் போயிற்று. இடது கை மெல்ல உயர்ந்து, நின்று, பிறகு தோலின்மேல் சத்தமே இல்லாமல் வந்து படுத்துக்கொண்டது. வலது கை விரல் மட்டும் ஒரு சின்ன அடி போட்டது.

என் கைக்குள் இருந்த அவளுடைய ஆள்காட்டி விரல் என் உள்ளங்கையை ஒரு தடவை அமுக்கிற்று. கொஞ்சம் பிந்தித்தான்.